முதல் தடவையிலேயே பாஸ் ஆகும் வண்டி

எங்கள் பக்கத்தில் ஒருவரை வழியில் பார்த்தால் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கமாட்டோம். வண்டி எஃப்.சி. பாஸ் ஆயிற்றா என்றுதான் கேட்போம். லாத்வியாவின் இந்த வடக்கு மூலையில் பஸ் நினைத்தால் வரும், நினைக்காவிட்டால் வராது. கார் இல்லாதவர் வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்க்கவேண்டியதுதான். இருக்கிற கார்களில் பாதி ஜெர்மனியில் யாரோ ஓட்டிச் சலித்து விற்றவை. ஆண்டுக்கு ஒருமுறை அவற்றைச் சோதனை நிலையத்துக்குக் கொண்டுபோகும்போது மீசை வைத்த ஆம்பிளையும் வாய்க்குள் ஜெபம் சொல்வான். முதல் தடவை தேறாமல், எதையாவது மாற்றிக்கொண்டு மறுபடியும் வரிசையில் நிற்பதில் இங்கே யாருக்கும் வெட்கமில்லை.

வெல்தாவுக்கு மட்டும் அந்த அனுபவம் கிடையாது. அவள் என் அடுத்த வீட்டுக்காரி. பள்ளிக்கூடச் சமையற்கட்டில் வேலைசெய்து ஓய்வு பெற்றவள். அவளிடம் பின்பக்கம் நீண்ட ஒரு பச்சை எஸ்டேட் கார் இருக்கிறது. வாங்கும்போதே அது பழையது. வாங்கிய நாளிலிருந்து ஒரு வருடம்கூட அது சோதனையில் தவறியதில்லை. அதன் வயதுக்கு அது நடக்கிற காரியமே இல்லை என்று மெக்கானிக்குகள் தலையைச் சொறிவார்கள்.

அந்தக் கார் சுமக்காதது எதுவும் எங்கள் ஊரில் இல்லை. உருளைக்கிழங்கு மூட்டை, தேனீப் பெட்டி, எங்கள் பாட்டுக்குழுப் பெண்களின் கம்பளிப் பாவாடைகள் எல்லாம் அதில் போகும். என் ஆட்டுக்கிடாகூட ஒருமுறை மாட்டு டாக்டரிடம் அதில்தான் போனது. போகும்போது சாதுவாகப் போனது, வரும்போது சீட்டைத் தின்றது. வெல்தா அன்று மாலையே உட்கார்ந்து சீட்டைத் தைத்துவிட்டாள். அவள் சுபாவம் அது. எது பழுதானாலும் அன்றைக்கே பார்த்துவிடுவாள், நாளைக்கு என்று தள்ளமாட்டாள். கார் தேறுவதன் ரகசியம் இவ்வளவுதான். கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், ஏதோ மந்திரம் என்பார்கள்.

சோதனைக்கு ஒரு வாரம் இருக்கும்போது காரில் ரேடியோவை அணைத்துவிடுவாள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் பேசவும் கூடாது.

"சும்மா இருடி மிர்ட்ஸா. இடது பக்கம் ஏதோ முனகுது."

"முனகறது நான்தான். ஹீட்டரப் போடு, குளிருது."

"அது இல்ல, அதுக்குக் கீழ" என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டுவாள்.

இதற்கெல்லாம் நடுவில் ஒரு மாப்பிள்ளை இருக்கிறார். பெயர் ரைவிஸ். வெல்தாவின் மகள் இனெதாவைக் கட்டிக்கொண்டு தலைநகர் ரீகாவில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். கெட்ட மனிதர் இல்லை. மாமியார் பனிக்காலத்தில் காட்டு ரோட்டில் தனியாக வண்டி ஓட்டுவதை நினைத்தால் அவருக்குத் தூக்கம் வராது. காரை விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடுங்கள் என்று வரும்போதெல்லாம் நச்சரிப்பார். ஒரு கிறிஸ்துமஸில் வெல்தாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"இங்க பாருங்க மாப்பிள்ளை, என்னிக்கு இந்த வண்டி முதல் தடவையில பாஸ் ஆகலியோ, அன்னிக்கு சாவியக் குடுத்துட்டு ரீகாவுக்கு வந்துடறேன். போதுமா?"

"பேச்சு மாறக் கூடாது அத்தை."

"நான் என்னிக்குப் பேச்சு மாறினேன்?"

அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் சோதனை முடிந்த அன்று ரைவிஸ் போன் செய்து விசாரிப்பார். பாஸ் என்று கேட்டதும், "ரொம்ப சந்தோஷம் அத்தை" என்பார். ரேஷன் வரிசையில் நின்றும் சர்க்கரை கிடைக்காதவர் குரலில் சொல்வார்.

கெடு ஜூன் கடைசிவரை என்றாலும் வழக்கமாக மே மாதமே போய்விடுவாள். இந்த ஆண்டு பாட்டுக்குழு ஒத்திகை ஒத்திகை என்று நாள் ஓடி, நடுக்கோடையில் வரும் லீகோ பண்டிகைக்கு முந்தின நாள்தான் போக முடிந்தது. லீகோ என்றால் எங்களுக்கு வீட்டுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் வாசல் கதவுக்கும் ஓக் கிளை கட்டவேண்டும். காருக்கும் கட்டவேண்டும். இலை கட்டாத கார் அந்த வாரம் மொட்டையடித்த மாதிரி இருக்கும். வெல்தா காலையிலேயே கட்டிவிட்டாள். அவளுக்கு எதையும் கொஞ்சமாகச் செய்யத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் சூப் ஊற்றிப் பழகிய கை. காரின் முகமே தெரியவில்லை.

நிலையத்தில் எங்கள் வண்டியைச் சோதித்தவன் நோர்முண்ட்ஸ். தொப்பியில் அவனும் ஓர் இலை செருகியிருந்தான். அவளிடம் பள்ளியில் சாப்பிட்டு வளர்ந்தவன்தான். பிரேக் பார்த்தான், சரி. சக்கரத்தை ஆட்டினான், சரி. புகையைச் சோதித்தான், சரி. கடைசியில் முன்விளக்கு. மெஷினைப் பார்த்தான், மறுபடியும் பார்த்தான்.

"வெல்தாம்மா, இடது லைட் தேறலியே."

"போன வாரம்தான்டா பல்பு மாத்தினேன்!"

"பல்பு நல்லாத்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி ஒரு தோப்பே நிக்குது."

வருகிற வழியில் கிளை சரிந்து விளக்கின்மேல் தொங்கியிருக்கிறது. எனக்கு ரத்தம் கொதித்தது. "எடுத்துட்டுப் பாரேன்டா, இதுல என்ன?" என்று கத்தினேன்.

"எடுத்துட்டுப் பாக்கறேன் மிர்ட்ஸாம்மா. ஆனா முதல்ல பாத்தது கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சு. இது ரெண்டாவது தடவைன்னுதான் விழும். வெல்தாம்மா, பால் சூப்ப ஆடையோட குடிக்க வெச்சீங்களே, அதுக்குப் பழி வாங்கறேன்னு மட்டும் நெனைக்காதீங்க."

வெல்தா கிளையை எடுத்தாள். இரண்டாவது தடவையில் கார் எந்தக் குறையும் இல்லாமல் தேறியது. எடுத்த கிளையைக் காரின் கூரைக் கம்பியில் கட்டிவிட்டு, வெல்தா ஸ்டியரிங்குக்கு முன்னால் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"பாஸ்னு சொல்லிடு. பொய்யா அது? பாஸ்தானே?"

"முதல் தடவை ஆகலியே."

"யாருடி கேக்கப்போறா?"

"கேக்காட்டி மட்டும்? வார்த்தை குடுத்தது நான்தானே."

அங்கேயே போனை எடுத்தாள். "மாப்பிள்ளை, இந்தத் தடவை முதல்ல தேறல. நாளைக்குப் பண்டிகைக்கு வரும்போது சாவிய வாங்கிக்கோங்க."

ரைவிஸ், "அப்படியா அத்தை... அடடா" என்றார். வாயில் மிட்டாயை ஒளித்துவைத்துக்கொண்டு பேசுகிற குரல். நான் அவரை மனதுக்குள் திட்டியதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் மாலை சீரகப் பாலாடைக்கட்டியும் பீர்ப் பீப்பாயும் காரில் ஏற்றி, மேட்டில் பண்டிகை நெருப்பு மூட்டுகிற இடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தோம். அப்போது வெல்தாவுக்கு இனெதாவிடமிருந்து போன் வந்தது.

"அம்மா, பெரிய ரோட்டுத் திருப்பத்துல போலீஸ் நிறுத்திட்டாங்க."

"மாப்பிள்ளை குடிச்சிருக்காரா?"

"அய்யோ, ஒரு சொட்டு இல்லம்மா. எங்க வண்டிக்கு எஃப்.சி. மே மாசமே முடிஞ்சுபோச்சாம். மேல ஓட்டக் கூடாதுன்னு ஓரங்கட்டிட்டாங்க. வந்து கூட்டிட்டுப் போறியா?"

நான் சிரித்த சிரிப்பில் பீர்ப் பீப்பாய் உருண்டுவிடும் போலிருந்தது. மாமியார் வண்டி எப்போது தவறும் என்று பார்த்துக்கொண்டிருந்தவர் தன் வண்டியின் கெடுவைப் பார்க்க மறந்துவிட்டார். வெல்தா சிரிக்கவில்லை. நேராக ஓட்டிக்கொண்டு போனாள்.

திருப்பத்தில் பளபளவென்று பெரிய கார் நின்றது. அதன் பக்கத்தில் ரைவிஸ், திருவிழாவில் தொலைந்த பிள்ளை மாதிரி. ஒரு போலீஸ்காரர் எங்கள் வண்டியின் தாளை வாங்கிப் பார்த்தார். "நேத்துதான் பாஸ் ஆகியிருக்கு. பரவாயில்லியே, இந்த வயசுல!" என்று திருப்பிக் கொடுத்தார்.

வெல்தா இறங்கிப்போய்ச் சாவியை நீட்டினாள். "இந்தாங்க மாப்பிள்ளை. சொன்னது சொன்னதுதான்." என் கண் நிறைந்துவிட்டது, மறைப்பானேன்.

ரைவிஸ் சாவியைப் பார்த்தார். பச்சைக் காரைச் சுற்றிவந்து பார்த்தார்.

"முதல் தடவை எது பாஸ் ஆகல அத்தை?"

"இடது லைட்டு."

"லைட்டுல என்ன கோளாறு?"

"லைட்டுல ஒண்ணும் இல்ல. இலை மறைச்சிடுச்சு."

"எங்க அந்த இலை?"

வெல்தா கூரைக் கம்பியைக் காட்டினாள். ரைவிஸ் எட்டி அந்தக் கிளையை அவிழ்த்தார். வளைத்து முறுக்கி வட்டமாக்கி, தலையில் வைத்துக்கொண்டார். லீகோவுக்கு ஆண்கள் தலையில் ஓக் இலைதானே வைக்கவேண்டும்.

"பாஸ் ஆகாதத நான் எடுத்துக்கிட்டேன். பாஸ் ஆனத நீங்களே ஓட்டுங்க அத்தை. அங்க எல்லாரும் பீருக்குக் காத்துட்டிருப்பாங்க."

பின்சீட்டில் ஏறி, பாலாடைக்கட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இனெதா அவர் தோளில் ஒரு குத்துவிட்டாள். வெல்தா சாவியைப் போட்டாள், வண்டி ஒரே திருப்பில் கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் அவள் என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"ரேடியோவப் போடுடி மிர்ட்ஸா."