கலர் கம்மி

எங்கள் வீட்டு ஆட்களின் முகங்களையெல்லாம் கட்டம் கட்டமாக உடைத்து, திரும்ப ஒட்டிய பெருமை எனக்கு உண்டு. அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, ஐயப்பன்தாங்கலில் பஸ் டிப்போவுக்குப் பின்னால் இருந்தான். காலேஜ் கடைசி வருஷ ப்ராஜெக்டுக்காக ஒரு மொபைல் கேம் செய்துகொண்டிருந்தான். திருவேற்காட்டிலிருந்து ஒரு பெண் ஷேர் வேன் பிடித்து நேரத்துக்கு வேலைக்குப் போய்ச் சேர வேண்டும். கதை அவ்வளவுதான். வழியில் யார் பேசினாலும், பேச்சுக்குப் பக்கத்தில் அவர்கள் முகம் சின்னதாக வரும். அதற்குப் பெயர் பிக்சல் ஆர்ட் என்றான். கிட்டே வைத்துப் பார்த்தால் வெறும் கட்டங்கள், தள்ளி வைத்துப் பார்த்தால் முகம். அவனுக்குப் படம் வராது. எனக்கு வரும் என்று குடும்பத்தில் ஒரு பேச்சு இருந்தது. அதை நம்பி அத்தனை முகங்களையும் என் தலையில் கட்டிவிட்டான்.

அப்பாவின் பழைய போன்தான் என் பட்டறை. புதிதாக முகம் தேட எங்கே போவது? வீட்டு ஆட்களையே போட்டேன். கேமில் அப்பா கண்டக்டர் ஆனார், பெரியம்மா பூ விற்றாள். போட்டு முடித்துக் காட்டினால் ஆளாளுக்கு ஒரு குறை. அப்பா நெற்றியைக் கொஞ்சம் சின்னதாக்கச் சொன்னார், அதாவது முடியை வளர்க்கச் சொன்னார். பெரியம்மா மூக்குத்தி எங்கே என்று சண்டைக்கு வந்தாள். ஒரே ஒரு மஞ்சள் கட்டம் வைத்தேன். "இப்பத்தான் நான் மாதிரி கீது" என்று போனை வாங்கிக்கொண்டு போய்த் தெருவுக்கே காட்டிவிட்டு வந்தாள்.

கேமில் வேலைக்குப் போகும் அந்தப் பெண், என் அக்கா. பூந்தமல்லியில் ரத்தம் எடுக்கும் லேப் ஒன்றில் வேலை பார்த்தாள். சாயங்காலம் வந்து முகம் கழுவியதும் அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, கன்னத்துக்கு நேராகப் போனைப் பிடித்து நிறம் பார்ப்பேன். மூக்கு அரிக்கிறது என்று கெஞ்சினாலும் விடமாட்டேன். உற்றுப் பார்க்கப் பார்க்க அந்த முகத்தில் எத்தனையோ பழுப்புகள் தெரிந்தன. கண்ணுக்குக் கீழே ஒன்று, தாடைக்கு ஒன்று, காதோரம் ஒன்று. ஒன்றையும் விடாமல் போட்டு அண்ணனுக்கு அனுப்பினேன்.

"இன்னாடி இது, சேத்துல வுழுந்து எழுந்தா மாதிரி கீறா? இத்தினி கலரு எதுக்கு? கொற" என்று வாய்ஸ் மெசேஜில் அவன் குரல் வந்தது. போர்வைக்குள் போய் அழுதேன். அவனோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்தேன். ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு பழுப்பாக எடுத்துக்கொண்டே வந்தேன். வெளிச்சத்துக்கு ஒன்று, முகத்துக்கு ஒன்று, நிழலுக்கு ஒன்று என்று மூன்றில் வந்து நின்றபோது, சிரிப்பதற்கு முன்னால் உதட்டை உள்ளே மடிப்பாளே, அதே மாதிரி மடித்துக்கொண்டு அக்கா போனுக்குள்ளிருந்து என்னைப் பார்த்தாள். எனக்கே பயமாகிவிட்டது.

படத்தை அனுப்பியதும் அண்ணன் பைக்கை எடுத்துக்கொண்டு நேரிலேயே வந்துவிட்டான். "மூணே கலரு! கலர் கம்மியா வெச்சிக்கினு ஆளக் கொண்டாந்துட்ட பாரு, அதாண்டி வேலை." எனக்குக் கண் நிரம்பிவிட்டது. அன்றிலிருந்து 'கலர் கம்மி' என்பதுதான் என் அகராதியில் மிகப் பெரிய பாராட்டு. பிளெக்ஸ் பேனர், பக்கத்து வீட்டுக் கதவு, வகுப்புத் தோழி வரைந்த மயில் என எல்லாவற்றுக்கும் தீர்ப்பு சொன்னேன். கோயில் கோபுரத்தைக்கூட, கலர் ஜாஸ்தி என்று ஒதுக்கிவிட்டேன்.

அம்மா மட்டும் அக்காவின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "மூஞ்சிய மட்டும் கொஞ்சம் கலரா போடேண்டி" என்றாள். "உனக்கு இந்த வேலை தெரியாதும்மா, கலர் சேத்தா கெட்டுடும்" என்றேன். அம்மா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் அக்காவைப் பெண் பார்க்க ஆவடியிலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையும் அக்காவும் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் பேசினார்கள். இறங்கி வந்தபோது அக்கா உதட்டை உள்ளே மடித்திருந்தாள். அவளுக்குப் பிடித்துவிட்டது என்பது எனக்கே தெரிந்தது. மாப்பிள்ளையின் அம்மா கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். விருந்தாளிக்கு நம் திறமையைக் காட்டாமல் விடலாமா? போனை நீட்டினேன். தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். "அப்படியே உங்கக்காவேதான் கண்ணு" என்று திருப்பிக் கொடுத்தார். வேறொன்றும் சொல்லவில்லை. யோசித்துக் கருத்துச் சொல்கிறவர் என்று மரியாதையாக எடுத்துக்கொண்டேன்.

அந்த வாரம் முழுக்க அக்கா குளிக்கும்போது பாடினாள். லேபிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே "போன் வந்துச்சா?" என்பாள். அம்மா இல்லை என்று தலையாட்டுவாள்.

ஒரு சாயங்காலம் போன் வந்தது. அம்மா பின்பக்கம் போய், துவைக்கிற கல்லருகில் நின்று பேசினாள். வெறும் 'ம்' மட்டும்தான். வைத்துவிட்டு அப்பாவிடம் மெதுவாகச் சொன்னது என் காதில் விழுந்தது. "கலர் கம்மியாம். அவங்கம்மா சொல்றாங்களாம்."

கடைசியில் அந்த அம்மாளின் கருத்து வந்தேவிட்டது! அதுவும் எப்பேர்ப்பட்ட கருத்து! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. வாசலில் அக்கா அப்போதுதான் நுழைந்துகொண்டிருந்தாள், தோளில் பை.

"போன் வந்துச்சா?"

"வந்துச்சுக்கா! மாப்பிள்ளையோட அம்மா சொல்லிட்டாங்க. கலர் கம்மியாம்!" என்று குதித்தேன்.

அக்கா அப்படியே நின்றாள். "வாய மூடுடி" என்று பின்னாலிருந்து ஓடிவந்த அம்மா கையை ஓங்கினாள். அந்தக் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். என்னையே பார்த்து, "அதுக்கு ஏண்டி உனக்கு இத்தினி சந்தோசம்?" என்றாள்.

அம்மாவுக்கும் சேர்த்தே விளக்கினேன். கலரை அள்ளிக் கொட்டி முகம் போட யாராலும் முடியும். மூன்றே கலரில் ஆள் அப்படியே தெரிவதுதான் பெரிய விஷயம். அது எல்லோருக்கும் புரியாது, அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்கிறது. "அண்ணனே சொல்லிருக்கான்க்கா, கலர் கம்மின்னா அவ்ளோ நல்லது."

அக்கா உதட்டை உள்ளே மடித்தாள். பிறகு சிரித்தாள். சிரித்துக்கொண்டே பையோடு தரையில் உட்கார்ந்து என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அம்மா சமையலறைக்குள் போனாள்.

"இன்னொரு தடவ சொல்லு" என்றாள் அக்கா.

சொன்னேன்.

"இன்னொரு தடவ."

பாராட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது? அவள் கண் நிரம்பியிருந்தது. அண்ணன் பாராட்டிய அன்று எனக்கும் நிரம்பியதுதானே. அதனால் ஏன் என்று கேட்கவில்லை. சமையலறையில் விளக்குகூடப் போடாமல் நின்றிருந்த அம்மாவுக்கும் கேட்கட்டும் என்று, இன்னும் சத்தமாகச் சொன்னேன்.