வெள்ளிக்கிழமைக் குச்சியில் கோழி

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஏழரை மணி வரை தூங்கினேன்.

இதில் என்ன விசேஷம் என்று கேட்பீர்கள். கோலா சாவாவில் ஒரு பஸ் டிரைவரைக் கட்டிக்கொண்டு, சேவல் கூவுமுன் எழுந்து சாப்பாடு கட்டியே பழகியவளைக் கேளுங்கள், சொல்வாள்! ஏழரை மணித் தூக்கம் என்றால் எனக்கு லங்காவிக்கு ஹாலிடே போன மாதிரி.

அந்தத் தூக்கத்தைக் கொடுத்தது ஒரு குச்சி. கோழியும் காய்கறியும் கோத்து, கரித்தணலில் சுட்ட குச்சி. ஞாயிற்றுக்கிழமையே ஒரு வாரத்துக்கும் சுட்டு, டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் அடுக்கிவிட்டேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் இதற்கு ‘மீல் பிரெப்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்று சொல்லிவிடுகிறேன்.

என் வீட்டுக்காரர் மணியம், இந்தப் பக்கத்து எஸ்டேட்டுகளிலிருந்தும் தாமான் வீடமைப்புகளிலிருந்தும் ஆட்களை ஏற்றி, சுங்கை காடுட் பேக்டரிகளில் இறக்கிவிடும் பஸ்ஸை ஓட்டுகிறார். அந்த பஸ்தான் அவருக்கு உயிர். எனக்கு இரண்டாவது இடம்தான் — அதுவும் பஸ் வொர்க்‌ஷாப்பில் இருக்கும் நாளில் மூன்றாவது இடத்துக்குப் போய்விடும்.

மூன்று மாதத்துக்கு முன்னால் கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். சின்ன வயது டாக்டர் பெண். ரிப்போர்ட்டைப் பார்த்தார்... இவரைப் பார்த்தார்... மறுபடியும் ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“அங்கிள், இனிப்பு நீர் ரொம்ப ஏறிப்போச்சு. மூணு மாசம் டைம் தர்றேன். மாத்திரைய விடாம போட்டுக்கிட்டு, சாப்பாட்டுல கண்ட்ரோல் பண்ணுங்க. கொறையலன்னா இன்சுலின் ஊசிதான். ஊசி போட ஆரம்பிச்சா, பஸ் ஓட்டுற லைசென்ஸுக்கு மெடிக்கல்ல பிரச்சனை வரலாம். அதையும் இப்பவே சொல்லிடுறேன்.”

ஊசி என்றபோது தலையாட்டிய மனுஷன், லைசென்ஸ் என்றதும் வெளுத்துப்போனார். வீட்டுக்கு வந்தோம். கேட்டைத் திறக்கும்போது, “பஸ் ஓட்டலன்னா நான் என்னா செய்யறது?” என்று மட்டும் கேட்டார்.

சரி, இதற்கெல்லாம் யார் காரணம்? கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. சுங்கை காடுட் சந்தியில் இருக்கிற ஜமால் பாய் கடை! முதல் ட்ரிப் ஆட்களை இறக்கிவிட்டு அங்கேதான் இவருக்குப் பசியாறல். பரோட்டா மாதிரி ரொட்டி சானாய், மேலே ஆட்டுக் குழம்பு, பக்கத்தில் பால் தேத்தண்ணியை ஆத்தி ஊற்றிய தே தாரிக். இரண்டாவது ட்ரிப் முடிந்ததும் இன்னொரு தே தாரிக். அடியில் சீனி கரையாமல் நிற்கும்.

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே போனேன். கடை நிறைய ஆட்கள்.

“பாய்! இனிமே இவருக்கு சாப்பாடு கெடையாது. தாகம்னு வந்தா பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங் மட்டும் குடுங்க. ஒரு கரண்டி சீனி போட்டீங்கன்னு தெரிஞ்சுச்சு, டெய்லி இங்க வந்து ஒக்காந்துக்குவேன். அப்பறம் ஒரு கஸ்டமர் உள்ள வரமாட்டான்!”

கையில் மாவு உருண்டையோடு நின்ற பாய், “சரிங்கக்கா... போடலக்கா... கோசோங்தான் லா,” என்றார். என் வீட்டுக்காரர்? பஸ்ஸுக்கு அந்தப் பக்கம் டயரைத் தட்டிப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டிருந்தார்.

தடை போட்டாயிற்று. பசிக்கு என்ன கொடுப்பது? ஓட்ஸ் கொடுத்தேன், களி கிண்டினேன், வெறும் முட்டை அவித்துக் கொடுத்தேன். டப்பா காலியாகத்தான் வரும். ஒருநாள் பஸ்ஸைப் பெருக்கப் போனபோதுதான் தெரிந்தது, கோயில் பக்கத்து நாய்கள் எல்லாம் ஏன் இவரைக் கண்டால் வாலாட்டுகின்றன என்று.

அப்போதுதான் லாபுவில் இருக்கிற என் மகள் ஒரு வீடியோ அனுப்பினாள். யாரோ ஒரு வெள்ளைக்காரப் பெண், கண்ணாடி மாதிரி துடைத்த கிச்சனில் நின்று, கோழியும் காய்கறியும் குச்சியில் கோத்துச் சுட்டு, நாளுக்கு ஒரு டப்பா என்று அடுக்குகிறாள். “மா, அப்பாவுக்கு இது செட் ஆகும். பஸ்ஸுல ஒக்காந்து ஒரு கையிலயே சாப்பிடலாம். கை கழுவத் தேவையில்ல,” என்றாள். பெண்ணைப் பெற்றதற்குப் பலன் அன்றைக்குக் கிடைத்தது.

ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். தோல் நீக்கிய கோழியைக் கட்டைவிரல் அளவுக்கு வெட்டி, தயிர், இஞ்சி பூண்டு, மஞ்சள், மிளகு, வாசனைப் புல்லான செராய் கொஞ்சம் தட்டிப்போட்டுப் பிசறி ஊறவைத்தேன். சீனியும் இல்லை, இனிப்புக் கிச்சாப் சாஸும் இல்லை. மூங்கில் குச்சிகளைத் தண்ணீரில் போட்டுவைத்தேன் — இல்லையென்றால் கோழி வேகுமுன் குச்சி எரிந்துவிடும். வீடியோக்காரி சுக்கினி என்று வெள்ளரிக்காய் மாதிரி ஒரு காயைப் போட்டாள். எனக்கு யார் சுக்கினி பயிர் போட்டிருக்கிறார்கள்? பீர்க்கங்காயைக் கோத்தேன். அது தணலில் துவண்டு நெருப்பிலேயே விழுந்துவிட்டது. பிறகு குடைமிளகாய், பெரிய வெங்காயம், கத்தரிக்காய் என்று நமக்குத் தெரிந்த ஆட்களாகப் பார்த்துக் கூப்பிட்டேன்.

ஒரு துண்டு கோழி, ஒரு துண்டு காய், மறுபடி கோழி, மறுபடி காய். பின்வாசலில், குச்சியில் கறி கோத்து சாத்தே சுடும் நீளத் தகர அடுப்பை வைத்து விசிறினேன். வாசனைக்கு அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது. ஆறவைத்து டப்பாவில் போட்டு, மூடியில் மார்க்கரால் திங்கள், செவ்வாய் என்று எழுதி, வியாழன், வெள்ளி இரண்டையும் பிரீசரில் வைத்தேன். எனக்கே என்னைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

திங்கட்கிழமை டப்பா காலி. நாய்க்குப் போகவில்லை, விசாரித்துவிட்டேன். செவ்வாய், “பரவால்ல, சாத்தே மாதிரியே இருக்கு,” என்றார். புதன்கிழமை பஸ்ஸில் ஏறிய பையன்கள் வாசனை பிடித்து ஆளுக்கொன்று கேட்டார்களாம், இவர் கொடுக்கவில்லையாம். இதைவிட என்ன சர்ட்டிபிகேட் வேண்டும்? வியாழன் இரவு வெள்ளி டப்பாவைக் கீழே இறக்கிவைத்து, அலாரத்தை நிறுத்திவிட்டுப் படுத்தேன்.

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு எழுந்து, முகம் கழுவி, கோப்பி கலந்துகொண்டு உட்கார்ந்தேன். போன் அடித்தது.

“அக்கா, ஜமால் பேசறேன். பயப்படாதீங்க. அண்ணே இங்கதான் கடையில இருக்காரு. இப்ப நல்லாருக்காரு. ஆனா... நான் அவருக்கு சீனி போட்டுக் குடுத்துட்டேங்கா. மூணு கரண்டி. திட்டாதீங்க.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ‘இப்ப நல்லாருக்காரு’ என்றால், அதற்கு முன்னால் எப்படி இருந்தார்? கோப்பியை அப்படியே வைத்துவிட்டு மோட்டாரில் ஏறினேன். ரோட்டின் இரண்டு பக்கமும் செம்பனை மரங்கள் போய்க்கொண்டே இருந்தன, ரோடு முடிகிற மாதிரி தெரியவில்லை. மாரியாத்தா, மாரியாத்தா என்று சொன்னது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

கடைக்கு வெளியே பஸ் கோணலாக நின்றது. இவர் கோணலாக நிறுத்தி நான் பார்த்ததே இல்லை. உள்ளே உட்கார்ந்திருந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. எதிரில் பாய், ஸ்கூல் பிள்ளைக்குக் காவல் இருப்பதுபோல். இவர் முன்னால் தோசையும் சாம்பாரும்.

“என்னாங்க ஆச்சு?”

“டப்பாவத் தொறந்தேன்... கோழி,” என்றார்.

“கோழிதான் இருக்கும். அதுக்கு?”

“இன்னிக்கு வெள்ளிக்கெழம.”

அவ்வளவுதான். தலையில் கை வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

இவர் வெள்ளிக்கிழமை மரக்கறிதான், கறி மீன் தொடமாட்டார். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அப்படி. நான் வெள்ளிக்கிழமை அதிகாலையில் எழுந்தால் கை தானாகப் பருப்புப் பானையைத்தான் தேடும், யோசிக்கவே வேண்டாம். ஆனால் சமைத்ததோ ஞாயிற்றுக்கிழமை! ஞாயிற்றுக்கிழமைக் கைக்கு கோழியைத் தவிர வேறென்ன தெரியும்? ‘வெள்ளி’ என்று மூடியில் என் கையாலேயே எழுதி, அதற்குள் கோழியை வைத்திருக்கிறேன். வீடியோவில் வந்த பெண்ணைக் குறை சொல்லி என்ன செய்வது... அவளுக்கு வெள்ளிக்கிழமை என்றால் ஆபீஸ் முடிகிற நாள்.

“காய மட்டும் உருவித் தின்னிருக்கலாம்ல?”

“கோழியும் காயும் ஒரே குச்சியில ஒட்டிக்கிட்டு இருக்கு. பஸ்ஸ வேற நம்ம எஸ்டேட்டு ஆத்தா கோயிலுக்கு நேரா நிப்பாட்டியிருந்தேன். அவ கண்ணு முன்னால எப்படித் திங்கறது?”

“அப்ப, இங்க வந்து ஒரு தோச சாப்பிடறதுதானே?”

“நீதான கடையில திங்கக்கூடாதுன்ன?”

நீங்களே சொல்லுங்கள், இந்த மனுஷனை என்ன செய்வது? ஒரு பக்கம் மாரியாத்தா, ஒரு பக்கம் நான். இரண்டு பேருக்கும் பயந்து பட்டினி கிடந்திருக்கிறார். அதுவும், டப்பாவைத் திறப்பதற்கு முன்பே இனிப்பு நீர் மாத்திரையை முழுங்கிவிட்டார். மாத்திரை உள்ளே போய் சீனியைக் குறைக்கிறது, வயிற்றிலோ ஒன்றுமில்லை. அப்படியே இரண்டாவது ட்ரிப் ஆட்களை ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வழியில் வியர்த்திருக்கிறது, கை நடுங்கியிருக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு பேக்டரி கேட்டில் எல்லோரையும் இறக்கிவிட்டு, சந்தி வரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறார்.

அப்போதும் இவர் கேட்டது என்ன தெரியுமா? “பாய், தே ஓ கோசோங்.”

பாயும் கோசோங்தான் கலக்கினாராம். கொண்டுவந்து வைக்கும்போது பார்த்திருக்கிறார்... முகம் எல்லாம் தண்ணீர், பேச்சு குழறுகிறது, கிளாஸைப் பிடிக்க முடியவில்லை. பாய் என்னை நினைத்து ஒரு வினாடி தயங்கினாராம். பிறகு, “அக்கா திட்டுனா திட்டிட்டுப் போறாங்க,” என்று சீனி டின்னைத் திறந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து, கிளாஸைத் தானே பிடித்துக் குடிக்கவைத்திருக்கிறார்.

“ஒங்களுக்கு எப்படி பாய் தெரிஞ்சுச்சு?”

பாய் சட்டைப் பாக்கெட்டில் கைவிட்டு நாலு மிட்டாயை எடுத்து மேசையில் போட்டார். “எனக்கும் இருக்குக்கா. ரெண்டு தடவ இப்படி வந்து நானே உழுந்திருக்கேன். நாள் பூரா ஊருக்கே தே ஆத்திக் குடுக்கறேன், நான் குடிக்கிறது கோசோங்.”

அழுதுவிட்டேன். கடை நிறைய ஆட்கள் — அன்றைக்கு நான் கத்தியபோது இருந்த அதே ஆட்களில் பாதிப் பேர் இருந்திருப்பார்கள். வெட்கமெல்லாம் தோன்றவில்லை. சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் பை கொடுக்கிற பையனுக்கெல்லாம் ‘தெரிமா காசே’ என்று வாய் தானாக நன்றி சொல்கிறது. இந்த மனுஷனிடம் சொல்ல ஒரு வார்த்தை வரவில்லை. பாயின் கையைப் பிடிக்கவும் கூச்சம். எழுந்து நின்று, கோயிலில் நிற்பதுபோல் கும்பிட்டேன்.

பாய் பதறிப்போனார். “அக்கா, அழாதீங்கக்கா... கஸ்டமருங்க பாக்குறாங்க. சாம்பார்ல ஏதோ உழுந்துருச்சுன்னு நெனச்சுக்குவாங்க!”

அழுதுகொண்டே சிரித்தேன். இவரும் சிரித்தார், அப்போதுதான் எனக்கு உயிர் வந்தது.

நாங்கள் கிளம்பும்போது அந்த ‘வெள்ளி’ டப்பாவை பாய் திறந்து பார்த்தார். குச்சியை இப்படியும் அப்படியும் திருப்பினார். “நல்ல ஐடியாதான்கா. எனக்கும் ஒரு வாரத்துக்கு ஆகும். ஒண்ணு பண்ணுங்க... கோழி நான் வாங்கறேன், எங்க ஆளுங்ககிட்ட, ஹலால் பாத்து. அடுப்பும் நம்ம கடை அடுப்பு. நீங்க வந்து பக்குவம் சொல்லுங்க.”

அன்று கிளினிக்குக்கும் அழைத்துப் போனேன். மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருந்ததற்கு டாக்டர் பெண் இவரைத் திட்டிய திட்டு இருக்கிறதே... எனக்கே பாவமாகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் விழுந்தது.

இப்போது ஞாயிறு மத்தியானம், கடையில் ஆள் குறைந்த நேரத்தில், பின்கட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து குச்சி கோக்கிறோம். பாய் கோழியைப் பெட்டியிலிருந்து எடுக்குமுன் வெள்ளிக்கிழமைக் குச்சிகளை முடித்துவிடுவோம் — சோயா அவரையில் செய்த தவுவும் தெம்பேயும், கூடக் காயும் மட்டும். அதைச் சுட்டு மூடிவைத்த பிறகுதான் கோழிக்கு இடம். இந்த விஷயத்தில் பாய் என்னைவிடக் கறார். “அக்கா, கைய கழுவிட்டு அந்தப் பக்கம் போங்க,” என்று அதட்டுகிறார். கோழி தனிக் குச்சி, காய் தனிக் குச்சி. கோழி ஒரு நேரத்தில் வேகிறது, கத்தரிக்காய் ஒரு நேரத்தில் வேகிறது, பிரித்துக் கோத்தால் ருசியும் கூடுகிறது!

யோசித்துப் பார்க்கிறேன். ஒருத்தர் உடம்பைப் பார்த்துக்கொள்வது வீட்டுக்காரியின் வேலை மட்டும் என்று நினைத்திருந்தேன். விடிகாலையில் அவர் பஸ்ஸை எடுத்தால், நான் பார்க்காத ரோட்டில், நான் பார்க்காத நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்கிறவர்கள் வேறு யார் யாரோ. அதில் ஒருவருக்காவது அவர் முகம் மாறியது தெரிந்ததே. நான் கும்பிடுகிற சாமிக்கு அதற்காகத்தான் இப்போதெல்லாம் சூடம் ஏற்றுகிறேன்.

இந்தத் திங்கட்கிழமை மூன்று மாதக் கெடு முடிந்தது. கிளினிக்குக்குப் போனோம். டாக்டர் பெண் ரிப்போர்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், சிரித்தார். “நல்லா கொறைஞ்சிருக்கு அங்கிள். ஊசி வேணாம். இப்படியே மெயின்டெயின் பண்ணுங்க. பஸ் தாராளமா ஓட்டலாம். ஆமா, யாரு ஒங்களுக்கு சமைச்சுத் தர்றது?”

என் வீட்டுக்காரர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார்: “ஜமால் பாயும், அப்பறம் என் வீட்டுக்காரியும்.”

பாய் பெயர் முதலில்! எனக்கு ‘அப்பறம்’!

சொல்லட்டும். சொல்வதற்கு ஆள் இருக்கிறாரே... அது போதும்.