பச்சையம்மா சொன்ன சாட்சி

போன வாரம் ஒரு நாள் எங்கள் நெல்லித்தோப்பில் எந்த வீட்டிலும் மீன் குழம்பு கொதிக்கவில்லை. கவனித்தீர்களா? கடலில் புயல் இல்லை. கரையில் சண்டையும் இல்லை. தேங்காய்த்திட்டிலிருந்து கூடை தூக்கி வருகிற பெண்கள் அத்தனை பேரும் அன்று கோர்ட்டில் இருந்தார்கள்.

நானும்தான். என் வீட்டுக்காரர் அன்று வெறும் ரசம் சோறு சாப்பிட்டார். இன்னும் சொல்லிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

விஷயம் இதுதான். எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டு வருகிறவள் பச்சையம்மா. குரல் தெருமுனையில் கேட்கும்போதே பூனைகள் கிளம்பிவிடும். அவள் தை மாதத்தில் ஒரு காலை கூடை இல்லாமல் வந்து வாசலில் நின்றாள். இடது காதில் முந்தானையை அழுத்திப் பிடித்திருந்தாள். முந்தானை முழுக்க ரத்தம்.

"துரைக்கண்ணு இழுத்துட்டான்மா. கம்மலோட காதும் வந்துருச்சு" என்றாள்.

துரைக்கண்ணுவை அந்தப் பக்கத்துப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும். முதலியார்பேட்டை வாய்க்கால் திருப்பத்தில் நிற்பான். தனியாக வருகிறவளிடம் இருப்பதைப் பிடுங்குவான். கொடுக்காவிட்டால் அடி. முந்தின வருஷம் பச்சையம்மாவின் நாத்தனார் செல்லியிடம் மூக்குத்தியைப் பறித்தான். அவள் தைரியமாகப் புகார் கொடுத்தாள். கோர்ட்டுக்கும் போனாள். என்ன ஆயிற்று?

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய்விட்டார்கள். கோர்ட்டில் மட்டும் சட்டம் இன்னும் அவர்களுடையதுதான். அதில் 'சுர்ஸி' என்று ஒன்று உண்டு. தண்டனை விதிப்பார்கள், ஆனால் நிறுத்தி வைப்பார்கள். ஒழுங்காக இருந்தால் ஜெயில் இல்லை. மறுபடி தப்பு செய்தால் பழையதும் புதியதும் சேர்ந்து வரும். துரைக்கண்ணு கூண்டில் நின்று அழுதான், வயசான அம்மாவைக் காட்டினான். சுர்ஸி கிடைத்தது. செல்லி நடந்து ஊர் வந்து சேருவதற்குள், சைக்கிளில் வந்து டீக்கடையில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்துச் சிரித்தானாம்.

அதற்குப் பிறகு யார் புகார் கொடுப்பார்கள்? பறிகொடுத்தவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டார்கள். அவன் தொழில் அமோகமாக நடந்தது.

பச்சையம்மாவை ரிக்‌ஷாவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்த் தையல் போட்டு, குப்பத்துக்குக் கொண்டு விட்டேன். அங்கே வேறு காட்சி காத்திருந்தது. அவள் புருஷன் ஏழுமலையும் இன்னும் சிலரும் துரைக்கண்ணுவைப் பிடித்துத் தென்னை மரத்தில் கட்டியிருந்தார்கள். ஏழுமலை கையில் துடுப்பு.

"இவன் கைய முறிச்சு வுட்டுட்டா போதும். கோர்ட்டும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான்.

சுற்றி நின்றவர்கள் யாரும் தடுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் தடுக்கத் தோன்றவில்லை. அந்த ரத்தத்தை நான் பார்த்திருந்தேன்.

பச்சையம்மாதான் போய் நடுவில் நின்றாள்.

"முறிச்சுட்டு இன்னா பண்ணுவே? நீ ஜெயிலுக்குப் போவே. இவன் ஆஸ்பத்திரில படுத்துக்கினு ரொட்டி துன்னுவான். எனக்குக் காதும் போயி, புருஷனும் போவணுமா?"

"கோர்ட்டுக்குப் போனா வுட்டுருவாங்க. செல்லிக்கு நடந்தது தெரியாதா உனக்கு?"

"செல்லி ஒருத்தியா போனா. நான் ஒருத்தியா போவ மாட்டேன்."

ஏழுமலை துடுப்பைக் கீழே போட்டான். துரைக்கண்ணு முழுக் கைகளோடு போலீஸுக்குப் போனான்.

அடுத்த சில வாரங்கள் பச்சையம்மா மீனோடு சேர்த்து இந்தப் பேச்சையும் வீடு வீடாகச் சுமந்தாள். அவனிடம் பறிகொடுத்த ஒவ்வொருத்தியையும் தேடிப் போனாள். பலர் கதவைச் சாத்தினார்கள். சிலர், பெண்ணுக்குக் கல்யாணம் பேசும் நேரத்தில் கோர்ட் வாசல் வேண்டாம் என்றார்கள். அவள் மறுநாளும் போனாள். என்னிடமும் வந்தாள்.

"நீ வந்து சும்மா உக்காரும்மா. பத்திரிகையில எழுதறவ உக்காந்திருக்கான்னு தெரிஞ்சா போதும்."

அப்படித்தான் போனேன்.

அன்று முதலில் வந்தது வேறு வழக்கு. மில் தொழிலாளி ஒருவன் கோபத்தில் மேஸ்திரியை அடித்துவிட்டான். இதுவரை எந்த வம்புக்கும் போகாதவன். நீதிபதி சுர்ஸி கொடுத்தார். அந்த வார்த்தையைக் கேட்டாலே பல்லைக் கடிக்கிற நம் பெண்கள் என்ன சொல்வார்களோ என்று திரும்பிப் பார்த்தேன். "போவட்டும், பாவம். மொத தடவதான" என்றாள் செல்லி. எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

அப்புறம் துரைக்கண்ணு. மறுபடி அழுகை. மறுபடி அம்மா. அவனுடைய வக்கீல் பிரெஞ்சில் உருக்கமாகப் பேசினார். சின்ன வயசு... ஏழ்மை... இன்னொரு வாய்ப்பு...

பச்சையம்மா கூண்டில் ஏறி நடந்ததையெல்லாம் சொன்னாள். மொழிபெயர்ப்பாளர் அதைப் பிரெஞ்சில் ஒரே வரியில் முடித்தார்.

"ஐயா, நான் இம்மாம் பெருசா சொன்னேன். இவரு இத்துனூண்டா சொல்றாரு" என்றாள் அவள்.

நீதிபதி நம் ஊர்க்காரர்தான். பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குத் தமிழ் தெரியும்மா. என்னைப் பார்த்துச் சொல்லு."

காதை மூடியிருந்த முந்தானையை அவள் விலக்கினாள்.

"போன தடவ இவன் திருந்துவான்னு நம்பி வுட்டீங்க. தப்புன்னு சொல்லல. ஆனா நம்பினது நீங்க, அறுந்தது என் காது."

நீதிபதி, "வேறு சாட்சி உண்டா?" என்று கேட்டார். செல்லி எழுந்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கதவைச் சாத்தியவர்கள், கல்யாணம் பேசியவர்கள் என்று ஒவ்வொருவராக பெஞ்சு பெஞ்சாக எழுந்தார்கள். துரைக்கண்ணு அழுகையை எப்போது நிறுத்தினான் என்று நான் கவனிக்கவில்லை. அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய தண்டனையும் புதிய தண்டனையும் சேர்த்து ஜெயில். தீர்ப்பை நீதிபதி பிரெஞ்சில் வாசித்தார். பிறகு ஒரு தடவை தமிழிலும் சொன்னார், பச்சையம்மாவைப் பார்த்து.

உள்ளே யாரும் வாயைத் திறக்கவில்லை. வாசலைத் தாண்டியதும் ஆரம்பித்தது பாருங்கள்... ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு சிரிப்பும் அழுகையுமாகக் கடற்கரை ரோடு முழுக்க அவர்கள் குரல்தான். ஏழுமலை ஓரமாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு, காற்றில் மண் விழுந்துவிட்டது என்றான். யாரும் நம்பவில்லை.

கருணை காட்டினால் ஜனங்களுக்குக் கோர்ட் மேல் நம்பிக்கை போய்விடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. நான் அன்று பார்த்தது அப்படி இல்லை. தடுக்கி விழுந்தவனை விட்டதற்கு அந்தப் பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். அடுத்தவரைத் தள்ளிவிடுவதையே பிழைப்பாக வைத்திருப்பவனையும் அதே மாதிரி விட்டதில்தான் அவர்களுக்குக் கோபம். இந்த வித்தியாசம் கோர்ட்டுக்குத் தெரிகிறது என்பதே அவர்களுக்குப் போதுமாக இருந்தது.

நேற்று முதலியார்பேட்டை போலீஸ் ஸ்டேஷன் வழியாக வந்தேன். வாசலில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். உழவர்கரைப் பக்கமாம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"ஒருத்தன் மேல கம்ப்ளெயின்ட் குடுக்கணும்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்குது" என்றாள் மூத்தவள். "அதான் வந்தோம்."

பயந்தவர்கள் போலீஸ் ஸ்டேஷனைத் தேடி வருகிறார்கள் என்றால், ஊர் தேறிவிட்டது என்றுதானே அர்த்தம்?