சேவியரின் பரீட்சைக்காக அம்பத்தூரில் ஒரு பகல்

போன மாதம் ஒரு வியாழக்கிழமை ஓசூரிலிருந்து அம்பத்தூர் போனேன். கோயில் குளம் பார்க்க அல்ல. என்னோடு ஐ.டி.ஐ.யில் டர்னர், அதாவது லேத்தில் இரும்பு கடையும் வேலை, படித்த சேவியர் போன் பண்ணி, "மாமே, வியாயக்கெயம ரெண்டு மணிக்கு டெஸ்ட்டு. தனியா போவ ஒரு மாரி கீதுடா. நீ வந்து சொம்மா நின்னா போதும்" என்றான். ஐம்பதைத் தொடப்போகிற ஆளுக்குப் பரீட்சைக்குத் துணை! நான் சிரித்தேன், அவன் சிரிக்கவில்லை. லீவு போட்டுவிட்டேன்.

விஷயம் இதுதான். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அவன் வேலை பார்க்கும் பட்டறையில் கைப்பிடி சுற்றி ஓட்டும் பழைய லேத்துகளை விற்றுவிட்டு, கம்ப்யூட்டரில் ஓடும் சி.என்.சி. மெஷின் வாங்கியிருக்கிறார் முதலாளி. நாங்கள் படித்த ஐ.டி.ஐ.க்கும் அதே மாதிரி மெஷின்கள் வந்து, வேலையில் இருக்கிறவர்களுக்கும் எட்டு வாரப் பயிற்சி நடக்கிறது. தேறினால் புது மெஷின் சேவியருக்கு. தேறாவிட்டால் வேறு ஆள் வருவான். மனைவி ஸ்டெல்லாவிடம் இதைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. பட்டறைக்குப் போவதுபோலவே தினமும் கிளம்பி ஐ.டி.ஐ.க்குப் போய்வந்திருக்கிறான்.

காலை 5.20க்கு ஓசூரில் பஸ், டிக்கெட் 310 ரூபாய். சுமார் 285 கிலோமீட்டர். 11.15க்குப் பூந்தமல்லி பைபாஸில் இறக்கிவிட்டார்கள். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய்க்குக் குமணன்சாவடி. மெட்ரோ தூண்களுக்கு நடுவே எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறேன் என்றே புரியவில்லை. ஆவடி பஸ் எங்கே நிற்கும் என்று ஆட்டோக்காரரைக் கேட்டேன்.

"இன்னா நைனா, ஊருக்குப் புச்சா? அந்த டீக்கடையாண்ட நில்லு. கை காட்டு, அப்பத்தான் நிப்பாட்டுவான். சொம்மா பாத்துகினு நின்னா போய்க்கினே இருப்பான்."

புதுசா! ஐ.டி.ஐ. படிக்கும்போது இரண்டு வருஷம் அம்பத்தூர் மேனாம்பேட்டில் ரூம் எடுத்துக் குப்பை கொட்டியவன் நான். சொல்ல வாய்வரை வந்தது, ஆனால் வழி கேட்டவனே நான்தானே! டீக்கடைப் பக்கம் போய்க் கை காட்டினேன்.

ஆவடிக்கு 40 நிமிடம், 15 ரூபாய். ஆவடியிலிருந்து அம்பத்தூருக்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். அண்ணனூர், திருமுல்லைவாயில் என்று ஸ்டேஷன் பெயர்கள் வர வர எனக்கு மேனாம்பேட்டு ரூம் ஞாபகம் வந்தது. ரூமில் சேவியரையும் சேர்த்து நாலு பேருக்கு ஒரே ஒரு நல்ல சட்டை, யாருக்கு இன்டர்வியூவோ அவனுக்கு. ஞாயிற்றுக்கிழமை சேவியர் மாதா கோயிலுக்குப் போய்விட்டு வரும்வரை அந்தச் சட்டைக்காகக் காத்திருப்போம். அந்த நாட்கள் திரும்ப வராதா என்று இருந்தது. அந்தக் கொசுக்கடி மட்டும் வேண்டவே வேண்டாம்.

ஸ்டேஷன் வாசலில் சேவியர் நின்றான். தலை முழுக்க வெள்ளை. "சாப்ட்டியா?" என்றான். அவன் சாப்பிடவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

ஐ.டி.ஐ.யில் எங்கள் ஒர்க்‌ஷாப் இருந்த இடத்தில் இப்போது வழவழவென்று தரை, ஏசி, வெள்ளை விளக்கு. வாசலில் வெளிச் செருப்பைக் கழற்றிவிட்டு அவர்கள் தரும் ஷூவை மாட்டிக்கொள்ள வேண்டும். இதே இடத்தில் ஆயில் வழுக்கி நான் எத்தனை தடவை விழுந்திருப்பேன்! அந்த ஆயில் வாடையைத் தேடி மூக்கை உறிஞ்சிப் பார்த்தேன், ரூம் ஸ்பிரே வாசம்தான் வந்தது. மெஷின்களைப் பார்த்துப் பொறாமையாகவும் இருந்தது. எங்களுக்கு ஒரு லேத்துக்கு ஆறு பேர்.

சொல்லிக்கொடுக்கும் மேடத்துக்கு இருபத்தாறு வயது இருக்கலாம். என்னைக் கண்ணாடிச் சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். பரீட்சை இதுதான்: ஒரு இரும்புத் தண்டைக் கடைந்து சரியாக 30 மில்லிமீட்டர் கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். ஒரு மணி நேரம். சேவியர் நன்றாகத்தான் ஓட்டினான். ஐம்பதாவது நிமிடம் அளந்து பார்த்தவன் முகம் செத்துவிட்டது. மறுபடி அளந்தான். மெஷினை முறைத்தான். நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். உள்ளே போய்க் கேட்கவும் முடியாது.

அப்போது அவன் வலது கை தானாக எழுந்து, இல்லாத கைப்பிடியைக் காற்றில் சுற்றியது. பாதியில் நின்றது. உடனே தலையில் அடித்துக்கொண்டான். எனக்கும் புரிந்துவிட்டது. பழைய லேத்தில் தண்டின் கனத்தை நாலு புள்ளி குறைக்க வேண்டுமானால் கைப்பிடியை இரண்டு புள்ளிதான் தள்ளுவோம். தண்டு சுற்றுவதால் இரண்டு பக்கமும் வெட்டுப்படும். புது மெஷினுக்கு இந்தப் பாதிக் கணக்கு வேண்டாம், நாலு என்றால் நாலே அடிக்கலாம், அதுவே பிரித்துக்கொள்ளும். பயிற்சியில் இதை ஒழுங்காகச் செய்தவன், பயத்தில் பழக்கதோஷமாக இரண்டு என்று தட்டிவிட்டான். நல்லவேளை, தண்டு கனமாகத்தான் நின்றது. குறைந்திருந்தால் குப்பைக்குத்தான். மீதியைத் தட்டி ஓட்டி எடுத்தான். மேடம் அளந்தார்.

"பாஸ்ண்ணா. ஆனா ஏன் பெரியவங்க எல்லாருமே பாதி போடுறீங்க? கவனிக்கலைன்னுதான் இத்தனை நாளா நினைச்சேன்" என்றார். சேவியர் கையைச் சுற்றிக் காட்டி விளக்கினான். மேடம் நோட்டில் எழுதிக்கொண்டார்.

இதுபோன்ற பயிற்சிக்குப் போக நினைக்கிறவர்களுக்கு: பழைய தேர்ச்சிச் சான்றிதழின் நகலை மறக்காதீர்கள். பரீட்சையன்று வயிற்றுக்கு ஏதாவது போட்டுக்கொள்ளுங்கள். கைக்குத் தெரிந்தது மெஷினுக்கும் தெரியும் என்று நம்பாதீர்கள். கூட ஒரு ஆளைக் கூட்டிப் போங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஊருக்குத் திரும்ப, மாலை ஆறுக்குள் பூந்தமல்லி வந்துவிட்டால் ஓசூர் பஸ் சுலபமாகக் கிடைக்கும்.

நான் அந்த பஸ்ஸைத் தவறவிட்டேன். கள்ளிக்குப்பத்தில் தன் வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்று சேவியர் ஆட்டோ பிடித்துவிட்டான், 90 ரூபாய். நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டெல்லா காபி கொடுத்தார். சேவியர் தம்ளரைப் பிடித்துக்கொண்டு, "ஸ்டெல்லா, உன்னாண்ட ஒண்ணு சொல்லணும்" என்று இழுத்தான்.

"வேல போய்டுச்சி, அதான? எனக்குத் தெரியும்."

அவன் திகைத்துப் போனான்.

"ரெண்டு மாசமா உன் சட்டையில ஒரு சொட்டு ஆயில் கறை இல்ல. தொவைக்கிறவளுக்குத் தெரியாதா? கேட்டா உன் மூஞ்சி சுருங்கிப்பூடும்னு கேக்கல. எங்கியோ பார்க்குல குந்திகினு கீறியோ இன்னாவோன்னு, தெனம் சோத்துல ஒரு முட்ட சேத்து வெச்சேன்."