டத்தோ குடித்த தண்ணீர்

போன திங்கட்கிழமை ஆபீசுக்குள் நுழைந்தால், ரிசெப்ஷன் சுவரில் ஒரு புதுப் படம். தங்க நிறச் சட்டம். படத்தில் ஒரு டத்தோ, அதாவது அரசாங்கப் பட்டம் வாங்கிய பெரிய மனிதர், கண்ணாடிக் குவளையில் தண்ணீர் குடிக்கிறார். பக்கத்தில் எங்கள் பாஸ், முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரிக்கிறார். பின்னால் பச்சைப் பசேலென்று செம்பனை. கீழே ஒரு வரி – ‘மக்களுக்கு நாங்கள் தந்த நீர்.’

அந்தக் குவளையை டத்தோ கையில் கொடுத்தவள் நான். ஆகவே அந்தப் படத்துக்கு விளக்கம் எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

பத்திரிகைக்குப் பத்தி எழுதாத நாட்களில் நான் ஜொகூர் பாருவில் ஒரு நிலத்தடி நீர் ஆலோசனை நிறுவனத்தில் அறிக்கை எழுதுகிறேன். எங்கே தோண்டினால் தண்ணீர் வரும், எவ்வளவு வரும், குடிக்கலாமா கூடாதா – தொழிற்சாலைக்காரர்களும் தோட்டக்காரர்களும் எங்களைத்தான் கேட்பார்கள். நாங்களும் சட்டை மடிப்புக் கலையாமல் சொல்லுவோம்.

எங்கள் பாசுக்கு வருடத்துக்கு ஒருமுறை சமூக அக்கறை வரும். மழைக்காலச் சளி மாதிரி. வந்தால் ஒரு வாரம் இருக்கும், போய்விடும். இந்த முறை வந்தபோது சாஆ என்ற ஊருக்கு வெளியே ஒரு தோட்டத்து லயம் அவர் கண்ணில் பட்டது. தொழிலாளர்களின் வரிசை வீடுகள், மொத்தம் இருபது. குழாயில் காலையில் நூலாகத் தண்ணீர் வரும், மத்தியானம் அதுவும் நின்றுவிடும். அங்கே இலவசமாக ஒரு ஆழ்துளைக் கிணறு. நல்ல காரியம்தானே? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கள் நிலவியலாளர் தேவராஜ் இரண்டு நாள் வெயிலில் நின்று, மண்ணில் இரும்புக் கம்பிகளை அடித்து, மின்சாரம் விட்டு அளந்து, லயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு இடத்தைக் குறித்தார். பாஸ் வந்து பார்த்தார்.

“இங்க எப்படிலா பந்தல் போடறது? டத்தோ கார் உள்ள வராது. பேனர் கட்டக்கூட எடமில்ல. முன்பக்கம் போடு.”

“பாஸ், முன்னால செப்டிக் டேங்க் இருக்கு. பள்ளம் வேற. அழுக்கு அங்கதான் எறங்கும்.”

“எத்தன அடி போறோம்? மண்ணே ஃபில்டர் பண்ணிரும்லா!”

காசு கொடுத்து ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், நாற்பது பக்க அறிக்கையில் ‘கூடவே கூடாது’ என்று நாங்களே எழுதிக் கொடுத்திருப்போம். இலவசம் என்பதால் பந்தலுக்கும் படத்துக்கும் வசதியாக பாஸ் காட்டிய இடத்தில் தோண்டினோம்.

திறப்பு விழா நாள் வந்தது. பரிசோதனைக் கூடத்திலிருந்து முடிவு வரவில்லை. தேவராஜ் இரண்டு தடவை நினைவுபடுத்தினார். பாஸ் என்னைப் பந்தலுக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“டத்தோவுக்கு பாட்டில் தண்ணிய ஜக்குல ஊத்திக் குடு. வயித்தால போயிட்டா யாரு பதில் சொல்றது?”

கவனியுங்கள்... டத்தோ வயிற்றைப் பற்றி அவருக்குச் சந்தேகம் இருந்தது. லயத்து வயிறுகளைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லை.

நான் என்ன செய்தேன்? நாலு பாட்டிலைத் திறந்து ஜக்கில் ஊற்றினேன். டத்தோ குழாயைத் திருகினார், தண்ணீர் கொட்டியது, கைதட்டினார்கள். நான் என் ஜக்கிலிருந்து குவளையை நிரப்பிக் கொடுத்தேன். “மினரல் வாட்டர் தோத்துப் போச்சு!” என்றார் டத்தோ. உண்மை தெரியாமலே உண்மையைச் சுற்றி வந்த மனிதர். முன்வரிசையில் ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் புஷ்பா. யோங் பெங்கிலிருந்து அந்த லயத்துக்குக் குடிவந்து இரண்டே மாதம். கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை.

அடுத்த வாரம் முடிவு வந்தது. தண்ணீரில் மலக்கிருமி. ‘இதைக் குடிக்கக் கூடாது, குழாயை உடனே மூட வேண்டும்’ என்று அறிக்கையில் எழுதினேன். பாஸ் அந்த வரியை அடித்துவிட்டு, ‘மேலும் கண்காணிப்பு பரிந்துரைக்கப்படுகிறது’ என்று போட்டார்.

“இன்னொரு சாம்பிள் எடுத்துப் பாப்போம். அதுக்குள்ள ஊர்ல டமாரம் அடிக்காத. இப்பத்தான் பேப்பர்ல படம் வந்திருக்கு.”

எங்கள் தொழிலில் ‘மேலும் கண்காணிப்பு’ என்றால் என்ன தெரியுமா? ஃபைலை மூடி அலமாரியில் வை என்று அர்த்தம். நான் அதை டைப் செய்தேன். எழுத்துப்பிழைகூட இல்லாமல் டைப் செய்தேன்.

திறப்பு விழா முடிந்த பதினாறாவது நாள் தேவராஜ் போன் செய்தார். “அக்கா, லயத்துல ஒரு பாப்பாவ சிகாமட் ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம். வாந்தி, பேதி.”

அன்று மத்தியானமே போனேன். குழந்தைகள் வார்டில் புஷ்பா உட்கார்ந்திருந்தார். கட்டிலில் ஒன்றரை வயதுப் பெண். புறங்கையில் ஊசி, அதைப் பிடுங்காமலிருக்கக் கை முழுக்கக் கட்டு. அழக்கூடத் தெம்பில்லாமல் உதட்டை மட்டும் கோணிக்கொண்டிருந்தது.

“ஃபிளாஸ்க் தண்ணி சூடா இருக்கும்லக்கா. கொஞ்சம் பைப் தண்ணி கலந்துதான் பால் கலக்குவேன். புதுக் கெணறு, டத்தோவே குடிச்சாரு... நல்ல தண்ணின்னு நெனச்சேன்.”

தண்ணீரால்தான் என்று டாக்டர் உறுதியாகச் சொல்லவில்லை. வேறு காரணமும் இருக்கலாம் என்றாராம். அந்த ‘இருக்கலாம்’ என்பதைப் பிடித்துக்கொண்டு நான் தப்பித்து வந்திருக்கலாம். எனக்கு அதில்தானே பயிற்சி! ஆனால் அந்தக் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல வரவில்லை. பாட்டிலைச் சொன்னேன். முடிவு வந்ததைச் சொன்னேன். வரியை மாற்றியதைச் சொன்னேன்.

புஷ்பா கத்தவில்லை. ஒன்றுதான் கேட்டார்.

“பாட்டில் தண்ணி மிச்சம் இருந்துச்சாக்கா?”

“இருந்துச்சு.”

“யாரு குடிச்சா?”

“நாங்கதாம்மா. ஆபீஸ்காரங்க... வெயிலா இருந்துச்சு.”

அவர் முகத்தைக் குழந்தை பக்கம் திருப்பிக்கொண்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக லயத்துக்குப் போனேன். தேவராஜும் வந்துவிட்டார். பம்பின் வயரைக் கழற்றி, குழாயின் கைப்பிடியைப் பிடுங்கி, ‘குடிக்காதீர்கள்’ என்று ஒரு அட்டையில் எழுதித் தொங்கவிட்டோம். பக்கத்து வீட்டு மேரி அக்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்.

“அந்தத் தண்ணியில நாங்க மோட்டர் சைக்கிள்தான் கழுவுவோம். அங்க கக்கூஸ் டேங்க் இருக்கறது இங்க எல்லாருக்கும் தெரியும். பாவம், அந்தப் புஷ்பா புதுசு.”

“தோண்டும்போதே சொல்லியிருக்கலாமேக்கா?”

“யாரு கேட்டா? மிஷினெல்லாம் கொண்டாந்தீங்க, தொப்பியெல்லாம் போட்டிருந்தீங்க. படிச்சவங்களுக்குத் தெரியாததான்னு இருந்துட்டோம்.”

அவரைக் கேள்வி கேட்ட எனக்கே அது தெரியும். தேவராஜ் சொன்னார், லட்சக்கணக்கில் விலை போகும் எங்கள் கருவிகளும் வேறு இடத்தைத்தான் காட்டின; தெரிந்தேதான் தோண்டினோம்.

மறுநாள் பாஸ் குதித்தார். “யாரக் கேட்டு பைப்ப மூடுன?” குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறது என்றேன். “அதுங்க வீட்டுச் சுத்தம் எப்படியோ!” என்றார். வீட்டுச் சுத்தம்! செப்டிக் டேங்க் பக்கத்தில் கிணறு வெட்டிய வாய் அதைச் சொன்னது. நான் மேசையில் ஒரு விரலைத் தட்டிக்கொண்டு, “இந்த வாரம் பத்திக்கு விஷயம் தேடிட்டிருந்தேன் பாஸ்” என்றேன்.

மனிதர் சட்டென்று உட்கார்ந்துவிட்டார். பிள்ளை படுத்திருக்கிறது என்றபோது வராத பயம், பத்தி என்றதும் வந்தது. “அலமாக்... எழுதிராதம்மா. என்ன செய்யணும் சொல்லு.”

தேவராஜ் முதலில் குறித்த மேட்டிலேயே புதுக் கிணறு போட்டோம். பந்தல் இல்லை, டத்தோ இல்லை. பழைய கிணற்றைச் சிமெண்டு ஊற்றி அடைத்தோம். எழுத மாட்டேன் என்று நான் அவருக்கு வாக்குக் கொடுக்கவில்லை. ஆனாலும் சும்மாதான் இருந்தேன், படத்தைச் சுவரில் மாட்டும் வரை. வெட்கத்துக்கும் ஒரு அளவு வேண்டாமா? இதை வாசித்துவிட்டு அவர் என்னை வேலையில் வைத்திருப்பாரா என்று தெரியாது. நாளைக்குத் தெரிந்துவிடும்.

புஷ்பாவின் மகள் நாலாம் நாளே வீட்டுக்கு வந்துவிட்டாள். புதுக் குழாயைத் திறக்க நானும் தேவராஜும் போனபோது, வாசலில் எறும்பைத் துரத்திக்கொண்டிருந்தாள். புஷ்பா குழாயைத் தொடவே இல்லை. என் முன்னால் கையை நீட்டினார்.

“ரிப்போர்ட் எங்க?”

“நல்லா இருக்கும்மா, நான் பாத்துட்டேன்.”

“குடுங்கக்கா, நான் பாக்கறேன்.”

கொடுத்தேன். பதினான்கு பக்கம், எல்லாம் ஆங்கிலம். புஷ்பா படித்தது ஐந்தாம் படிவம், பள்ளிக்கூடத்தோடு சரி. படியில் உட்கார்ந்து, வரிக்கு வரி விரலை வைத்து, தெரியாத வார்த்தைக்கெல்லாம் எங்களை நிறுத்தி, ஒவ்வொரு எண்ணுக்கும் ‘இது எவ்வளவு வரைக்கும் இருக்கலாம்?’ என்று கேட்டு, ஒன்றேகால் மணி நேரம் படித்தார். ஒரு இடத்தில் நான் வழக்கம்போல எழுதியிருந்த ஒரு வழுவழா வரிக்குத் தேவராஜாலேயே அர்த்தம் சொல்ல முடியவில்லை. பேனாவை வாங்கி அடித்துவிட்டு, ‘குடிக்கலாம்’ என்று தமிழில் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். தேவராஜும் போட்டார். அதன் பிறகுதான் புஷ்பா எழுந்து குடத்தை எடுத்தார்.

பதினொரு வருடமாக அறிக்கை எழுதுகிறேன். அதைக் கடைசிப் பக்கம் வரை ஒருவர் வாசித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.