கறுப்பு ஆடு, ஒரு காது வெள்ளை

என் மனைவி மவுத்தான பிறகு என்னைப் பார்க்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஆளுக்கொரு மருந்து கொண்டு வந்தார்கள். போனது அவள், வைத்தியம் எனக்கு.

எனக்குச் சீனி வருத்தம், டொக்டர்மார் நீரிழிவு என்பார்கள். அது பழைய வருத்தம். இத்தனை காலமும் அதை மேய்த்தது அவள்தான். குளிசையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, விழுங்கும்வரை முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். விழுங்கிய பிறகு நாக்கை நீட்டச் சொல்வாள். ஊரெல்லாம் வாயைக் காட்டி மீன் விற்ற மனுசன், வீட்டில் நாக்கைக் காட்டித்தான் பிளேன்டீ வாங்கினேன். அவளுக்கென்று ஒரு வருத்தமும் இருந்ததில்லை. ஒரு நாள் பின்னேரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள், எழும்பவில்லை. வருத்தக்காரன் என்று பேரெடுத்த நான் கதிரையில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடத்தை நான் உள்ளே இருந்து பார்த்ததைவிட வெளியே மீன் பெட்டியோடு நின்று பார்த்ததுதான் அதிகம். அதனால் யார் என்ன சொன்னாலும் என்னைவிடப் படித்தவர் சொல்கிறார் என்று கேட்டுவிடுவேன். பாவற்காயை இடித்துப் பிழிந்து கொண்டு வந்தார்கள், குடித்தேன். வெந்தயம் ஊற வைத்த தண்ணீர் வந்தது, குடித்தேன். கோவை இலைக் கஞ்சி, கருஞ்சீரகம், முருங்கை இலைச் சாறு. சிலாபத்துப் பக்கத்தில் இருந்து ஒருவர் மரத்தில் குடைந்த கோப்பை ஒன்று கொண்டு வந்தார். அதில் தண்ணீர் ஊற்றி வைத்துக் காலையில் குடித்தால் சீனி போய்விடுமாம். தண்ணீர் சிவப்பாக வந்தது. கோப்பை எனக்குப் பயந்து வேர்க்கிறதோ என்று நினைத்தேன்.

சீனிக்கு இவ்வளவு. துக்கத்துக்கு வேறு. துக்கம் வந்த நெஞ்சு காய்ந்து போகுமாம், அதற்குத் தேன் நல்லதாம். அதையும் போத்தலில் தந்தார்கள். சீனிக்காரனுக்குத் தேன் தரலாமா என்று நானும் கேட்கவில்லை, தந்தவரும் கேட்கவில்லை. காலையில் பாவற்காய், இரவில் தேன். இரண்டும் என் வயிற்றுக்குள் சந்தித்து என்ன கதைத்தனவோ தெரியாது.

ஒரு நாள் விடியற்காலை கரைவலை இழுக்கிற இடத்தில் மீன் எடுக்கப் போய் நின்றேன். வெறும் வயிற்றில் குளிசை, அதன் மேல் பாவற்காய், அதன் மேல் வெந்தயம், அதன் மேல் கோப்பைத் தண்ணீர். கண் இருட்டியது. சாளை மீன் கூடைக்குள் முகம் குப்புற விழுந்தேன். ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது பக்கத்துக் கட்டில்காரர் தன் கட்டிலை ஜன்னலோடு தள்ளிக்கொண்டு போயிருந்தார்.

டொக்டர் அம்மா ஏசவில்லை. நான் குடித்ததையெல்லாம் சொல்லச் சொல்லிக் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டதில் சீனி மயக்கம் வருகிற அளவுக்கு இறங்கிவிட்டதாம். ஆனால் கடந்த மாதங்களைச் சேர்த்துப் பார்க்கிற இரத்தப் பரிசோதனையில் சீனி கூரையில் நிற்கிறதாம். இறங்கவும் தெரிந்தது, ஏறவும் தெரிந்தது, ஓரிடத்தில் நிற்க மட்டும் தெரியவில்லை. இலையைக் கறியாக்கித் தின்னுங்கள், சாறாக எதைக் குடிப்பதென்றாலும் என்னைக் கேட்டுவிட்டுக் குடியுங்கள், குளிசையை நேரத்துக்குப் போடுங்கள், சோற்றைப் பாதியாக்குங்கள், தினமும் காலையில் நடங்கள் என்றார். அவர் சொன்னதில் கசப்பில்லாத மருந்து நடைதான். அது லேசு என்று நினைத்தேன்.

தில்லையடியில் இருந்து மகள் வந்தாள். தாயின் குரல் அவளுக்கு.

"வாப்பா, அடுத்த கிளினிக்ல சீனி எறங்கி இரிக்கணும். இல்லாட்டி இந்த வீட்டப் பூட்டிட்டு எங்களோட வந்து இரிக்கிறீங்க. பகிடி விட வேணாம், நான் முடிவா சொல்றன்."

மகள் வீடு கடைக்கு மேலே. ஜன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மருமகன் தங்கமான பிள்ளை, அதுதான் பயம். தங்கமான பிள்ளையோடு சண்டை பிடிக்க முடியாது. குறிஞ்சிப்பிட்டியில் என் வீட்டில் அவள் வைத்த சாமான் வைத்த இடத்தில் இருக்கிறது. இருட்டிலும் கையை நீட்டி உப்புப் போத்தலை எடுப்பேன். அங்கே போனால் உப்பு எங்கே என்று மகளிடம் கேட்க வேண்டும். கேட்டால் உப்பும் கூடாது என்பாள்.

அதனால் அடுத்த நாளே சுபஹ் தொழுதுவிட்டு நடக்கத் தொடங்கினேன்.

நான் பைக்கில் மீன் யாவாரம் செய்தவன். வீட்டில் இருந்து பள்ளிவாசல் கூப்பிடு தூரம், அதற்கும் பைக்கில்தான் போவேன். என்னைக் காலில் யாரும் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் ஒரு மனுசன் றோட்டில் நடந்து போனால் அவனுக்கு ஏதோ ஆபத்து என்று அர்த்தம். கண்டவன் ஏற்றிக்கொள்ளாமல் போனால் குற்றம். முதல் நாள் வெங்காயத் தோட்டம் வரைக்கும்கூடப் போகவில்லை, ஐஸ் லொறிக்காரர் ஏற்றி வீட்டில் இறக்கினார். இரண்டாம் நாள் பள்ளிக்கூட வான். மூன்றாம் நாள் பக்கத்து வீட்டுத் திரீவீல்காரன்.

"நானா, பைக் எங்க?"

"வீட்ட."

"அப்ப ஏறுங்க."

"நான் நடக்கன்டா."

"எங்க நடக்கீங்க?"

"சும்மா."

அவன் எஞ்சினை நிறுத்தினான். எங்கள் ஊரில் திரீவீல்காரன் எஞ்சினை நிறுத்துவது மையித்தைத் தூக்கிப் போகும்போதும் இப்படி ஒருவனைக் காணும்போதும்தான். இறங்கி வந்து என் கையைப் பிடித்து, பிள்ளைத்தாய்ச்சியை ஏற்றுவது போல ஏற்றினான். நான் வாயைத் திறந்தேன், அவன், "ஒண்டும் கதைக்க வேணாம் நானா, வீட்ட போவம்" என்றான்.

கடலில் பட்டம் கட்டிப் பலகையில் சறுக்க வருகிற வெள்ளைக்காரர்கள் எங்கள் றோட்டிலே அரைக் கால்சட்டையோடு ஓடுகிறார்கள். எங்கே ஓடுகிறாய் என்று ஒருவரும் கேட்பதில்லை. அவன் ஓடினால் உடற்பயிற்சி. நான் சாரனோடு நடந்தால், மனைவி போன துக்கத்தில் மனுசன் கழன்று போனான். சீனிக்கு நடக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வெட்கமாக இருந்தது. இந்த வயதில் உடம்பை வளர்க்கப் புறப்பட்டுவிட்டான், அடுத்த கலியாணத்துக்கு ஆயத்தம் என்று சொல்லிவிடுவார்கள். அப்படிச் சொல்லுவார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மற்றவனைப் பற்றி அப்படிச் சொன்னவனே நான்தான்.

அடுத்த நாள் திரீவீல் மறுபடி நின்றது. இந்தத் தடவை வாய் முந்திக்கொண்டது.

"ஆடு தேடுறன்டா."

"எந்த ஆடு?"

எனக்கு மீனைத்தான் தெரியும். ஆடு வளர்த்தது என் மனைவி. எனக்கு முகம் தெரிந்த ஆடு உலகத்தில் ஒன்றே ஒன்று, அவளுடையது. அதன் அடையாளத்தைச் சொன்னேன். "கறுப்பு. ஒரு காது வெள்ளை. ஒரு கொம்பு ஒடஞ்சது."

அவன் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு, "தேடுங்க நானா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்றையிலிருந்து றோட்டு எனக்குத் திறந்தது. ஆடு தேடுகிறவனை வண்டியில் ஏற்றினால் அவன் எப்படித் தேடுவான்? யாரும் நிறுத்தவில்லை. நான் பள்ளிவாசல்துறைப் பக்கம் ஒரு நாள், களப்புக் கரையோரம் ஒரு நாள் என்று கையை வீசி நடந்தேன். ஊர் இவ்வளவு நல்ல ஊர் என்று எனக்கு அப்போதுதான் தெரியும். வேலியோரத்தில் நின்ற பெண்கள், "காணல்ல நானா, அல்லாஹ் லேசாக்கி வைப்பான்" என்றார்கள். ஒரு வீட்டில் கூப்பிட்டு சீனியில்லாத பிளேன்டீ தந்தார்கள். மோதினார் என்னைக் கேட்காமலே பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொன்னார். கறுப்பு ஆடு, ஒரு காது வெள்ளை, கண்டவர்கள் அறிவிக்கவும். கடைசிச் சொல்லில் அவர் தொண்டை கமறியது. சளி பிடித்திருக்கிறது என்று நினைத்தேன். மறுநாள் அவருக்குக் கொடுக்கக் கொஞ்சம் கருஞ்சீரகம் எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினார்.

ஒரு ஆட்டுக்கு இவ்வளவு மரியாதையா என்று எனக்கே ஆச்சரியம். பொய் சொல்வதில் நான் கெட்டிக்காரன் என்ற பெருமையோடு நடந்தேன். சோற்றைப் பாதியாக்கினேன். முருங்கை இலையைச் சுண்டித் தின்றேன். மனைவி இல்லாததால் குளிசையை விழுங்கிவிட்டு நானே கண்ணாடிக்கு நாக்கை நீட்டினேன். கண்ணாடி ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் குறை.

கிளினிக்குக்கு முதல் நாள் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில் போய்க்கொண்டிருந்தேன். திரீவீல் வந்து நின்றது. எஞ்சினும் நின்றது. அவன் இறங்கி, சாரனை மடித்து, வரம்பில் குந்தினான். என்னையும் குந்தச் சொன்னான்.

"நானா கோவிக்கக் கூடாது. எத்தின நாளைக்கித்தான் பாத்துக்கிட்டு இரிக்கிற?"

"என்னடா?"

"அந்த ஆட்ட நாம தின்டுட்டம் நானா."

நான் வரம்பில் இருந்த புல்லைப் பிடுங்கினேன்.

"மதினிட நாப்பதாம் கத்தத்துக்கு அறுத்ததே அதுதானே. ஊரே வந்து தின்ட. நீங்கதான் எனக்கு ரெண்டாந்தரம் எலும்பு வெச்சீங்க."

எனக்கு ஞாபகம் இருந்தது. அதை நான் மறக்கவில்லை. மறந்து போனது, அதை ஊரும் தின்றது என்பதுதான். அந்த ஒரு காது வெள்ளை ஆட்டை இந்த ஊரில் தின்னாத வாய் இல்லை. வேலியோரப் பெண்கள் தின்றார்கள். மோதினார் ஓதிவிட்டுத் தின்றார். தின்றவர்கள் எல்லாரும் தின்ற ஆட்டை எனக்காகத் தேடியிருக்கிறார்கள். நான் ஊரை ஏமாற்றிக்கொண்டு நடந்தேன். ஊர் ஒரு பைத்தியக்காரனின் மனதை நோகடிக்காமல் பார்த்துக்கொண்டது. கேட்டால் தேடுகிறோம் என்று சொல்லுங்கள், இல்லை என்று சொல்லிவிடாதீர்கள் என்று வீடு வீடாகச் சொல்லி வைத்தது மோதினாராம்.

நான் சிரித்தேன். அவன் பயந்துபோய்ப் பின்னுக்கு நகர்ந்தான்.

"எனக்குத் தெரியும்டா தின்டது. நடக்கிற வெக்கத்துல சொன்ன பொய்."

"ஓம் நானா, ஓம்."

"சீனிக்கு நடக்கன்டா நான்."

"ஓம் நானா. நீங்க ஏறுங்க, வீட்ட போவம்."

புத்தி இருக்கிறது என்று நிரூபிக்கிற வேலை மாதிரிக் கஷ்டமான வேலை கிடையாது. பேசப் பேச இல்லாதவன் போலத் தெரியும். ஏறினேன். ஏறி உட்கார்ந்த பிறகுதான், அவள் அந்த ஆட்டைக் கூப்பிடுகிற சத்தம் காதுக்குள் கேட்டது. நாக்கை மேலண்ணத்தில் தட்டிக் கூப்பிடுவாள். என்னையும் அப்படித்தான் கூப்பிடுவாள், முதலில் ஓடி வருவது யார் என்று எங்கள் இரண்டு பேருக்கும் போட்டி. அவளை அடக்கிய மையவாடியிலும் கத்தத்திலும் வராத அழுகை, பின்சீற்றில் வந்தது. திரீவீல்காரன் திரும்பிப் பார்க்காமல் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினான்.

அடுத்த நாள் மகள் கிளினிக்குக்கு வந்தாள். கையில் பெரிய பேக். அது வெறும் பேக், என் உடுப்பு வைக்க. ஆட்டுக் கதை தில்லையடிக்கும் போயிருந்தது.

டொக்டர் அம்மா தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். சீனி நன்றாக இறங்கி, நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் நிற்கிறதாம். என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் சொல்ல முந்தி மகள் குனிந்து அவர் காதில் ஏதோ சொன்னாள். டொக்டர் அம்மாவின் முகம் மாறியது. மெதுவாக, பிள்ளையிடம் கேட்பது போல, ஆடு இப்போது எங்கே என்று என்னைக் கேட்டார். வயிற்றில் என்றேன். அதுவும் பிழையான பதில் என்று உடனே விளங்கிவிட்டது. பிறகு எல்லாவற்றையும் தொடக்கத்தில் இருந்து சொன்னேன், ஐஸ் லொறி முதல் எலும்பு வரை. டொக்டர் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது.

மகள் சிரிக்கவில்லை. வெளியே வாங்கில் வந்து உட்கார்ந்தோம். பேக்கை மடியில் வைத்து அதன் ஜிப்பை இழுத்து இழுத்து மூடினாள்.

"உம்மா மவுத்தான நாள்ல இருந்து பகிடிதான் விட்டீங்க வாப்பா. நீங்க ஆட்டத் தேடுறீங்க எண்டு கேள்விப்பட்டதும் எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இரிந்திச்சு. எதையோ தேடுறீங்களே எண்டு."

எனக்குப் பகிடி ஒன்றும் வரவில்லை. "நேத்து அழுதன்" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். பேக்கைப் பற்றி அவளும் கதைக்கவில்லை, நானும் கேட்கவில்லை. என்னை வீட்டில் இறக்கிவிட்டு, அந்தப் பேக்கையும் கொண்டு தில்லையடிக்குப் போய்விட்டாள்.

அடுத்த கிழமை அதே திரீவீலில் அவள் வந்து இறங்கினாள். கையில் ஒரு ஆட்டுக்குட்டி. கறுப்பில்லை, செம்மண் நிறம். இரண்டு காதும் ஒரே நிறம். கடைக்கு மேலே இருக்கிற வீட்டில் ஆடு வளர்க்க முடியாது, இங்கே பார்க்க ஆள் வேண்டும் என்றாள். கயிற்றை என் கையில் தந்துவிட்டு உள்ளே போய் உப்புப் போத்தலைத் தேடினாள். நான் இடத்தைச் சொல்லவில்லை.

இப்போது தினமும் இரண்டு பேரும் நடக்கிறோம். இந்தக் குட்டிக்கு நடக்கப் பிடிக்காது, கொஞ்சத் தூரம் வந்ததும் றோட்டில் படுத்துவிடும். நாக்கைத் தட்டிப் பார்க்கிறேன், எனக்கு அந்தச் சத்தம் சரியாக வருவதில்லை. நேற்றும் படுத்தது. தூக்கிக்கொண்டு நின்றேன். திரீவீல் வந்து நின்றது.

"ஆட்ட ஏத்துங்க நானா."

ஏற்றினேன். நானும் ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தேன்.

"நீங்க நடங்க" என்றான்.

திரீவீல் போனது. பின்சீற்றில் இருந்து ஆடு என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதற்கென்ன, அதற்குச் சீனி இல்லை.