சொல்லாமல் எழும்பி வந்தது

டென்மார்க்கின் சில்க்போர்க்கில் எனக்கு எதிர்வீட்டுக்காரி ஓர் ஆப்கான் பெண். என்னை "அக்கா" என்றுதான் கூப்பிடுவாள். அது நான் பழக்கினது. மற்றதெல்லாம் இருவருடைய அரைகுறை டேனிஷில்தான்.

ஒருநாள் தன் வீட்டில் தேநீர் தந்துவிட்டுத் தன் ஊரான பாமியானின் படத்தைக் காட்டினாள். மலையில் குடைந்த இரண்டு பெரிய மாடங்கள், உள்ளே ஒன்றுமில்லை. அங்கே நின்ற புத்தர் சிலைகளை மதவெறியர்கள் வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்களாம். எனக்கோ புத்தர் என்றால் யாழ்ப்பாணத்து ஆமிக் காம்ப் வாசலில் சிப்பாய்கள் வைத்திருந்த சிலைதான் நினைவுக்கு வரும்.

"நீ முஸ்லிமெல்லே? உனக்கென்ன புத்தர்?"

"எங்கட ஊரில அவையைப் புருசனும் பெண்சாதியும் எண்டுதான் சொல்லுவம், அக்கா. அவையின்ர காலடியிலதான் நான் விளையாடினது."

சொல்லிவிட்டு அழுதாள். நான் அவள் கையைப் பிடித்தபடி வெகுநேரம் இருந்தேன். பிறகு பேசாமல் எழும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சுடச்சுட ரொட்டியோடு வந்து என் கதவடியில் நின்றாள். முகம் வாடியிருந்தது.

"என்னோட கோவமே, அக்கா? ஒண்டும் சொல்லாமல் போட்டியள். புத்தரைப் பற்றிக் கதைச்சது பிழையோ?"

"விசரி! செத்த வீட்டில 'போயிட்டு வாறன்' எண்டு ஆரும் சொல்லுவினமோ? எங்கட ஆக்கள் சொல்லாமல்தான் எழும்பி வாறது."

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"அப்ப நேற்று நீங்கள் செத்த வீட்டுக்கோ வந்தனீங்கள்?"

"ஓம்."

"அவைக்கெண்டு இவ்வளவு காலமும் ஒருதரும் வரேல்லை, அக்கா," என்றாள்.

கண் துடைக்கக் கையில்லாமல் ரொட்டியோடு நின்றாள். என் சேலைத் தலைப்பால் நான்தான் துடைத்துவிட்டேன்.